ஆறு குளியலறை வழியாக வந்தது

போன வாரம் எங்கள் வரிசையில் கடைசி வீட்டைப் பார்க்க ஒரு இளம் தம்பதி வந்திருந்தார்கள். காலை பதினொரு மணி, நல்ல வெயில், லோங்காங்கில், அதாவது வாசல் சாக்கடைக் கால்வாயில், கணுக்கால் நனையக்கூடத் தண்ணீர் இல்லை. அந்தப் பெண் என் கேட்டுக்கு வந்து, "அக்கா, இங்க தண்ணி ஏறுமா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் கூட வந்த வீட்டு ஏஜெண்டு, "அது எப்பவோ ஒரு தடவை, நாடு முழுக்க வந்துச்சே, அப்ப" என்று முடித்துவிட்டார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. 2016-இல் இதே மாதிரி ஒரு வெயில் காலையில்தான் நானும் வந்து பார்த்தேன். தரை ஓடு, சமையலறை மேடை, தண்ணீர்க் குழாய் எல்லாம் பார்த்தேன். அந்தப் பெண் கேட்ட கேள்வியை நான் கேட்கவில்லை. அதனால் அவர்களை ஒரு மணி நேரம் நிற்க வைத்துப் பேசினேன். பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பந்திங் பக்கம், சுங்கை லங்காட் ஆற்றுக்கு அருகில். தாமான், அதாவது இந்த வீடமைப்புக் குடியிருப்பு, வருவதற்கு முன் இது செம்பனைத் தோட்டம். என் அப்பா இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இன்னொரு தோட்டத்தில்தான் வேலை செய்தார், நான் பிறந்ததும் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில்தான். இந்தப் பகுதி கடலோரத் தாழ்நிலம். வெள்ளைக்காரன் காலத்தில் சதுப்பை வடித்து, பாரிட் எனும் வடிகால் வாய்க்கால் வெட்டி, ஆற்றோரம் மண் கரை கட்டி, அதற்குப் பிறகுதான் மரம் நட்டார்கள். கரையில் ஆங்காங்கே கதவு இருக்கும். ஆற்றில் தண்ணீர் ஏறினால் அந்த அழுத்தத்திலேயே கதவு மூடிக்கொள்ளும், இறங்கினால் உள்ளே நிற்கும் தண்ணீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். என் அப்பாவுக்கு அந்தக் கதவைப் பார்த்துக்கொள்கிற வேலைதான் பல வருடம். நீளமான கம்பில் கொக்கி கட்டி வைத்திருப்பார், கதவிடுக்கில் மட்டை, கட்டை எது மாட்டினாலும் இழுத்துப் போடுவார். அவருடைய மகள், ஆறு ஏறி இறங்குகிற ஊரில், கதவு எங்கே இருக்கிறது என்று கேட்காமல் வீடு வாங்கினேன். சொன்னால் வெட்கம்தான்.

கடல் ஏற்றத்தை இங்கே எல்லோரும் ஆயிர் பாசாங் என்றுதான் சொல்வோம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை இறங்கும். ஏறினதிலிருந்து அடுத்த ஏற்றத்துக்குப் பன்னிரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும், அதனால் ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி ஏற்றம் பெரிது, அஷ்டமி பக்கம் சிறிது. இதில் ஆபத்து எங்கே என்றால், பாசாங் உச்சத்தில் இருக்கும் சில மணி நேரம் ஆறும் சேர்ந்து ஏறி நிற்பதால் கதவு மூடியே இருக்கும். அந்த நேரத்தில் கூரையில், ரோட்டில், கார் நிறுத்தும் சிமெண்டுத் தரையில் விழுகிற மழை எல்லாம் லோங்காங்கில் போய்ச் சேர்ந்து அங்கேயே நிற்கும். லோங்காங் எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் அதற்குப் போக்கிடம் இல்லை. தோட்டமாக இருந்தபோது அந்தத் தண்ணீர் மரத்துக்கடியில் ஒரு நாள் நின்றுவிட்டுப் போகும், யாருக்கும் நஷ்டமில்லை. இப்போது அதே இடத்தில் என் சோபா இருக்கிறது.

2021 டிசம்பர் 17 வெள்ளிக்கிழமை பிடித்த மழை விடவே இல்லை. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டியது ஒரே நாளில் பெய்துவிட்டது என்று பிறகு அரசாங்கமே சொன்னது. 19-ஆம் தேதி மார்கழிப் பௌர்ணமி. என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை, பிள்ளைகள் பள்ளி விடுமுறைக்கு ஈப்போவில் நாத்தனார் வீட்டில். வீட்டில் நானும் எழுபத்து நாலு வயது அம்மாவும்தான். நான் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள். பொங்கல், தைப்பூச ஆர்டர் வந்து குவிந்திருந்த நேரம், முன்னறை முழுக்கப் பையும் பையுமாகப் புடவைகள்.

சனிக்கிழமை சாயந்திரம் ஐந்தரை இருக்கும். ரோட்டில் தண்ணீர் இருந்தது, ஆனால் வாசற்படிக்கு இன்னும் ஒரு சாண் பாக்கி. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் கழிவறையிலிருந்து 'களக் களக்' என்று சத்தம் வந்தது, யாரோ பெரிய போத்தலைக் கவிழ்த்த மாதிரி. போய்ப் பார்த்தால் குளியலறைத் தரையில் இருக்கும் சல்லடை மூடி லேசாக ஆடிக்கொண்டிருக்கிறது, அதன் ஓட்டை ஒவ்வொன்றிலிருந்தும் தேத்தண்ணீர் நிறத்தில் கொப்புளம் கொப்புளமாக வருகிறது. கொஞ்ச நேரத்தில் மூடியே கழன்று மிதந்தது. அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கப்பா ஆத்துக் கதவுக்குப் போற நேரம் இது" என்றார். அப்புறம் சாமியறை ஜன்னல் பக்கம் பார்த்து, "நாளைக்குப் பௌர்ணமி இல்ல?" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தால் என்று பிறகு அவரிடம் சண்டை போட்டேன். "நீ எங்க கேட்ட?" என்றார். அதுவும் சரிதான்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். வாசலில் மணல் மூட்டை அடுக்குவதை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் தாழ்வான தாமானில் தண்ணீர் முதலில் வருவது தரையில் இருக்கும் ஓட்டை வழியாக. லோங்காங்கில் நிற்கும் தண்ணீர் உங்கள் தரையைவிட உயர்ந்துவிட்டால் குழாய் வழியாகத் திரும்பி உள்ளே வரும், வாசலில் நீங்கள் எத்தனை மூட்டை அடுக்கினாலும். அன்று எனக்கு அது தெரியாமல் முன்பக்கம் அரிசி மூட்டையையெல்லாம் தூக்கிப் போட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். இப்போது என் வீட்டில் இரண்டு கனமான பிளாஸ்டிக் பை எப்போதும் தயாராக இருக்கும், பாதி மணல் நிரப்பி இறுக்கிக் கட்டியது. ஒன்று தரை ஓட்டை மேல், ஒன்று கழிவறைக் கோப்பைக்குள். முழுசாக நிற்காது, ஆனால் சாமான் தூக்கி வைக்க ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிது என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

ஆறரைக்கெல்லாம் வீட்டுக்குள் கணுக்கால் அளவு. மெயின் சுவிட்சை அணைத்தேன், அது மட்டும்தான் அன்று நான் சரியாகச் செய்தது. புடவைப் பைகளைக் கட்டில் மேல், மேசை மேல், தையல் மிஷின் மேல் எல்லாம் ஏற்றினேன். எட்டரைக்கு மேல் தண்ணீர் ஏறுவது நின்றது, பத்தரைக்கு இறங்க ஆரம்பித்து, பன்னிரண்டு மணிக்குத் தரை தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, தப்பித்தோம் என்று. வீட்டுக்காரரிடம் போனில் "முடிஞ்சிருச்சுங்க, பயப்படாதீங்க" என்று சொன்னேன். டார்ச் வெளிச்சத்தில் சேற்றைத் தள்ளி, துடைத்து, அம்மா படுக்க வேண்டுமே என்று கட்டில் மேலிருந்த பைகளையெல்லாம் எடுத்துத் துடைத்த தரையில் சுவரோரமாக அடுக்கினேன். படுக்கும்போது மூன்று மணி.

இந்த முழுப் பதிவிலும் நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். பாசாங் ஏறி இறங்குகிற ஆற்றோரத்தில் தண்ணீர் இறங்குவது நல்ல செய்தி ஆகாது. அது கதவு திறந்த நேரம், அவ்வளவுதான். பன்னிரண்டு மணி நேரத்தில் அடுத்த பாசாங் வரும். அதற்குள் ஆற்றின் மேல்பக்க ஊர்களான உலு லங்காட், காஜாங், டிங்கில் எல்லாம் பெய்த மழை ஆற்றில் இறங்கி நம் பக்கம் வந்துகொண்டிருக்கும், மேலே பெய்தது கீழே வந்து சேர நேரம் பிடிக்கும் இல்லையா. இரண்டும் ஒன்றாக வந்தால் இரண்டாவது தண்ணீர் முதல் தண்ணீரைவிடப் பெரிது. முதல் தண்ணீரில் எனக்கு நஷ்டம் ஒரு கால்மிதியும் அரை மூட்டை அரிசியும். மற்றதெல்லாம் இரண்டாவதில் போனது.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக் என்றுதான் கூப்பிடுவோம், அவர் சுவரைத் தட்டித்தான் எழுந்தேன். "நாய்க் லாகி! ஆயிர் நாய்க் லாகி!" என்று, தண்ணீர் மறுபடியும் ஏறுகிறது என்று கத்துகிறார். மணி ஐந்தே முக்கால். காலைக் கீழே வைத்தால் முட்டிக்குக் கீழே வரை தண்ணீர், இருட்டில் ஏதோ பிசுபிசுவென்று காலைச் சுற்றியது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு காஞ்சிபுரம் பட்டு, அரக்கு நிறம், பையிலிருந்து அவிழ்ந்து முன்னறை முழுக்க விரிந்து மிதக்கிறது. அதன் ஜரிகை மேல் ஒரு சின்ன நண்டு ஏறி உட்கார்ந்திருந்தது. எத்தனையோ மறந்துவிட்டேன், அந்த நண்டை மறக்க முடியவில்லை.

ஏழு மணிக்கு இடுப்பளவு. ஃபிரிட்ஜ் மல்லாந்து மிதந்தது. அம்மாவைச் சமையலறை மேடையில் ஏற்றி உட்கார வைத்தேன், மூட்டுவலிக்காரர், எப்படி ஏற்றினேன் என்று இப்போது யோசித்தாலும் புரியவில்லை. அவசர எண்ணுக்கு அடித்து அடித்து லைன் கிடைக்கவில்லை. அன்றைக்கு சிலாங்கூர் முழுக்க அதே கதை, ஷா ஆலாம் தாமான் ஶ்ரீ மூடாவில் ஜனங்கள் கூரை மேல் நின்றதை எல்லோரும் பார்த்தீர்கள். கடைசியில் பத்து மணிக்கு மேல் மீன்பிடிக்கிற பையன்கள் நாலு பேர் சொந்தப் படகில் வந்து எங்களையும் மக்சிக்கையும் ஏற்றிக்கொண்டார்கள். பெயர்கூடக் கேட்கவில்லை, ஒரு பையன் மட்டும் அம்மாவைப் "பாட்டி, பிடிச்சுக்கோங்க" என்று நல்ல தமிழில் சொன்னான், பார்த்தால் சீனப் பையன்.

நிவாரண மையத்தில் நாலு நாள். கோவிட் காலம், நுழைவதற்கு முன் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தார்கள். சாப்பாட்டுக்குக் குறையில்லை. அங்கே ஒரு காரியம் செய்யுங்கள், வந்தவுடன் பெயர் பதிந்துவிடுங்கள், வீட்டில் உள்ள எல்லோர் அடையாளக் கார்டு எண்ணும் சேர்த்து. சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்ட எங்கள் வரிசைக்காரர்கள் சிலர் பதியாமல் விட்டு, பிறகு உதவித்தொகைக்கு அலைந்த அலைச்சல் சொல்லி மாளாது. தண்ணீர் வடிந்ததும் எதையும் எடுத்துப் போடுவதற்கு முன் படம் பிடியுங்கள், சுவரில் தண்ணீர் நின்ற கோட்டோடு சேர்த்து. போலீஸ் புகாரும் கொடுத்து வையுங்கள். நான் ஆத்திரத்தில் மெத்தையையும் சோபாவையும் முதலில் ரோட்டில் எறிந்துவிட்டு அப்புறம்தான் போனைத் தேடினேன்.

சேறு விஷயம் தனி. இது சாதாரண மண் இல்லை, கடலோரக் களி, காய்ந்தால் சிமெண்டு. தண்ணீர் இறங்கும்போதே கூடவே நின்று விளக்குமாற்றால் கலக்கிக் கலக்கி வெளியே தள்ளிவிட வேண்டும், தண்ணீரே அதை எடுத்துக்கொண்டு போகும். நாங்கள் நாலு நாள் கழித்துத் திரும்பியதால் கரண்டியால் சுரண்டினோம், ஒன்பது நாள் ஆனது. பூட்ஸ், கையுறை இல்லாமல் இறங்காதீர்கள். எலி மூத்திரக் காய்ச்சல் வெறும் பேச்சு இல்லை, காலில் கீறல் இருந்தால் அது வழியாகவே உள்ளே போகும். வெள்ளத்துக்குப் பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி வந்தால் கிளினிக்கில் 'வெள்ளத்தண்ணீரில் இறங்கினேன்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இப்போது பணம். ஃபிரிட்ஜ், துணி துவைக்கும் மிஷின், கட்டில் மெத்தை, அலமாரி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 7,500 வெள்ளி (ரிங்கிட்). தையல் மிஷின் இரண்டும் ஓவர்லாக்கும் மோட்டார் போய் 2,900. கார் 6,800. வாடிக்கையாளர் புடவைகள் பதினேழு பாழ், அதில் ஐந்து பட்டு. சிலர் "உங்க தப்பா அது, விடுங்க" என்றார்கள், சிலர் மூஞ்சியைத் தூக்கினார்கள், எல்லோருக்குமாக 4,300 கொடுத்தேன், தவணையில். மொத்தம் 21,500 வெள்ளி, மூன்று மாதம் தையல் இல்லாததைச் சேர்க்காமல். கைக்கு வந்தது மத்திய அரசின் வாங் இஹ்சான் எனும் உதவித்தொகை ஆயிரம் வெள்ளி, மாநில அரசின் ஆயிரம் வெள்ளி. அந்த வருட வெள்ளத்தில் நாட்டுக்கு மொத்த நஷ்டம் 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை கணக்குச் சொன்னது, அதில் என்னுடையதும் எங்கோ ஒரு மூலையில் இருக்கும்.

காரைப் பற்றிச் சொன்னால் கோபம் வரும், என் மேலேதான். முழுக் காப்பீடு எடுத்திருந்தேன், அதனால் வெள்ளமும் அதில் அடக்கம் என்று நினைத்திருந்தேன். இல்லை. வெள்ளத்துக்கு 'ஸ்பெஷல் பெரில்ஸ்' என்று தனியாகச் சேர்க்க வேண்டும், பழைய சின்னக் கார் என்றால் வருடத்துக்கு நூறு வெள்ளி சுமாருக்குள் முடிகிற காரியம். ஏஜெண்டு கேட்டார், "போடவா அக்கா?" என்று. ரோட் டாக்ஸ் செலவு வேற இருக்கு, வேண்டாம் என்றேன். அது போதாதென்று, தண்ணீர் வடிந்த பிறகு ஓடுகிறதா பார்க்கலாம் என்று சாவியைத் திருப்பினேன். எஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும்போது திருப்பவே கூடாது, உள்ளே இருப்பது வளைந்து உடைந்துபோகும், நேராக லோரியில் ஏற்றி ஃபோர்மனிடம், அதாவது மெக்கானிக்கிடம், கொண்டுபோக வேண்டும். அந்த ஒரு திருப்பலுக்கு மட்டும் நாலாயிரத்துக்கு மேல் என்றார் ஃபோர்மன். வீட்டுக்கும் இதே கதைதான், வங்கிக் கடனோடு வந்த பாலிசி கட்டடத்துக்கு, உள்ளே இருக்கும் சாமானுக்கு 'ஹவுஸ்ஹோல்டர்' என்று வேறு பாலிசி. உங்கள் பாலிசியை எடுத்து வெள்ளம் என்ற வார்த்தை அதில் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள், வீட்டிலேயே தைத்து விற்கிறவர்கள் அதையும் ஏஜெண்டிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.

சீனப் பெருநாளுக்கு அப்புறம் ஒரு நாள் அந்தக் கதவைத் தேடிக்கொண்டு நானும் அம்மாவும் போனோம். எங்கள் தாமான் லோங்காங் போய்ச் சேரும் பெரிய பாரிட்டின் கடைசியில், புதருக்குள் இருந்தது. இரும்புக் கதவு, நல்ல கதவுதான். அதன் அடியிடுக்கில் ஒரு பழைய ஸ்பிரிங் மெத்தை, பாதி உள்ளே பாதி வெளியே, மாட்டிக்கொண்டு கதவு ஒரு அடி திறந்தே நின்றது. மழை வெளியே போக முடியாமல் நின்றதோடு ஆறும் அந்த வழியாகவே உள்ளே வந்திருக்கிறது. எத்தனை நாளாக அங்கே கிடந்ததோ, யார் போட்டதோ. அம்மா ஒன்றும் பேசவில்லை, கீழே கிடந்த ஒரு கம்பை எடுத்து அந்த மெத்தையை இரண்டு தடவை குத்தினார், அப்பா செய்கிற மாதிரி. அதை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கப் போனால் ஒரு அலுவலகம் இன்னொன்றைக் காட்டியது, அது மூன்றாவதைக் காட்டியது. நாலு மாதம், ஏழு கடிதம். கடைசியில் நடந்தது. கடிதம் எழுதுபவர்கள் கதவு இருக்கும் இடத்தின் படத்தையும் வரைபடப் புள்ளியையும் சேர்த்துக் கொடுங்கள், முதல் ஐந்து கடிதத்தில் நான் அதைச் செய்யவில்லை.

அந்த இளம் தம்பதிக்கு நான் சொன்ன பரீட்சை சுலபமானது. வீடு பார்க்க அமாவாசை அல்லது பௌர்ணமிக்கு அடுத்த நாள் வாருங்கள், எங்கள் பக்கம் அந்த நாட்களில் பாசாங் காலை ஆறு, மாலை ஆறு சுமாருக்கு இருக்கும். கடற்படையின் ஹைட்ரோகிராஃபி மையம் வருடா வருடம் பாசாங் அட்டவணை போடுகிறது, அதில் கிள்ளான் துறைமுகத்து நேரத்தைப் பார்த்து, ஆற்றுக்குள் வர இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். வந்து வீட்டு வாசல் லோங்காங்கில் ஒரு வேப்பிலையைப் போடுங்கள். ஆற்றுப் பக்கம் போனால் சரி, அசையாமல் நின்றால் யோசியுங்கள், வீட்டுப் பக்கம் திரும்பி வந்தால் பேரம் பேசவே வேண்டாம். அப்படியே பக்கத்து வீட்டுச் சுவரில் பிளக் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மக்சிக் வீட்டில் எல்லாம் நெஞ்சளவு உயரத்தில் இருக்கும். 2016-இல் முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனபோது, என்ன இப்படி அசிங்கமாக வைத்திருக்கிறார்கள் என்று மனசுக்குள் சிரித்தேன்.

வீட்டை விற்றுவிட்டுப் போகவில்லையா என்று கேட்கிறார்கள். யார் வாங்குவார், வாங்கினால் என்ன விலைக்கு? கடன் இன்னும் பதினாறு வருடம் இருக்கிறது. பிளக்கை மேலே தூக்கினோம். கழிவுநீர்க் குழாய் வெளியேறும் இடத்தில் ஒருவழி வால்வு போட்டோம், பிளம்பர் கூலியோடு 650 வெள்ளி, அதையும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து முடி, குப்பை எடுக்காவிட்டால் அப்பாவின் கதவு கதைதான். புடவைகள் இப்போது மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில், தலைக்கு மேல் அடித்த பலகையில். மழைக்காலத்தில் ஜேபிஎஸ்ஸின் (வடிகால், நீர்ப்பாசனத் துறை) இன்ஃபோ பஞ்சிர் வெள்ளத் தகவல் இணையப் பக்கத்தில் எங்கள் ஊர் ஆற்றுமட்ட அளவோடு டிங்கில் அளவையும் சேர்த்துப் பார்ப்பேன். மேலே 'அமாரான்' எனும் எச்சரிக்கை அளவு வந்துவிட்டால் இங்கே வெயில் அடித்தாலும் சாமானை ஏற்றிவிடுவேன், இரண்டு பாசாங் தாண்டும் வரை இறக்க மாட்டேன்.

காரை மட்டும் பழைய தோட்டத்துக் கோயிலில் கொண்டுபோய் நிறுத்துகிறேன். அந்தக் காலத்தில் லயத்தையும் கோயிலையும் மேட்டில்தான் கட்டினார்கள், 2021-லும் அங்கே தண்ணீர் ஏறவில்லை. மழையோடு பௌர்ணமி வந்தால் முதல் நாளே என் காரும் மக்சிக் மகன் காரும் கோயில் மரத்தடியில் இருக்கும். பௌர்ணமி பூஜைக்கு வருகிறவர்களுக்கு நிறுத்த இடமில்லை என்று பூசாரி அண்ணன் ஒவ்வொரு தடவையும் முணுமுணுப்பார், அப்புறம் அவரே கையைக் காட்டி, "அந்த ஓரமா விடும்மா, சுண்டல் வாங்கிட்டுப் போ" என்பார்.